பதின்மூன்றாவது முட்டை

அவரை விஞ்ஞானி என்றுதான் தெருவே கூப்பிட்டது. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் எதை எதோடு கலந்தாரோ, கை கழுவும் தொட்டி வெடித்து அறிவியல் வாத்தியாரின் ஒரு பக்க மீசை காணாமல் போனது. மறுபக்கத்தை வாத்தியாரே வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டார், வேறென்ன செய்வது. அன்றோடு படிப்பு விட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் முறைப்பார். ஆனால் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்தபோது பலகையில் 'விஞ்ஞானி குளிர்பெட்டி நிலையம்' என்று அவரே எழுதச் சொன்னார். முறைப்பெல்லாம் மேலுக்குத்தான், உள்ளே சர்க்கரை என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

கடை என்பது ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்து முன்னறை. அதற்குப் பின்னால் அவர் மனைவியின் தையல் அறை. அவரைத் தெரு தையலக்கா என்று கூப்பிடும். அதற்கும் பின்னால் சமையலறை, கம்பிக் கதவு, துணி உலர்த்தும் கொல்லை. மாடியில் ஹவுஸ் ஓனரம்மா. நாற்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் ஓடுகிற கம்ப்ரசர்கூடக் கொஞ்சம் அடக்கி வாசிக்கும்.

விஞ்ஞானிக்குக் கைராசி உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஒரு ஃப்ரிட்ஜ் வந்தால் முதலில் எதையும் கழற்றமாட்டார். ஸ்க்ரூட்ரைவர் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிஷம் கழித்து, "வால்வு" என்பார். வால்வாகத்தான் இருக்கும். பத்துக்கு ஏழு இப்படிப் பிழைத்துவிடும்.

சிக்கல் மீதி மூன்றில். கெட்டது சரியாகாமல் போனால் அதற்குக் கரண்ட் காரணம், கம்பெனி காரணம், ஒரு தடவை அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்கூடக் காரணம். ஃப்ரிட்ஜுக்கும் கிணற்றுக்கும் என்ன உறவு என்று கேட்டவரிடம், அதெல்லாம் சயின்ஸ் என்றார். அதற்குப் பிறகு அந்த ஃப்ரிட்ஜ் இருக்கிற தெருவுக்குள் கால் வைக்கமாட்டார். பஸ் ஸ்டாப்புக்கு நேராக நடந்தால் ஐந்து நிமிஷம். அவர் போனால் இருபத்தைந்து நிமிஷம். குறுக்குச் சந்தில் பாலைக் கல்லாக்கும் ஒரு ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டித் தெருவில் தொட்டால் ஷாக் அடிக்கும் ஒன்று, மூன்றாவது தெருவில் நடுக்கம் வந்த மாதிரி ஆடி ஆடிச் சுவரை விட்டே நகர்ந்து வரும் ஒன்று. இத்தனைக்கும் ஒளிந்து போக வேண்டாமா? ஒரு பிழையை 'என்னுது' என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொண்டு இருபது வருஷமான தையலக்காவே கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் உயிரை உண்டாக்கும் ஆசை வந்தது.

வெளிர்ப்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கடையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கம்ப்ரசர் செத்து, கொடுத்தவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். ஒரு நாள் அதன் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தவருக்குப் பொறி தட்டியது. குளிரை வெளியே விடாத பெட்டி, சூட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன? நேராக டீக்கடைக்குப் போனார். செத்த பெட்டியில் முட்டை வைத்து உயிர் வரவைக்கப் போகிறேன், இருபத்தோராம் நாள் எல்லோரும் வந்து பாருங்கள் என்று அறிவித்தார். அங்கே அவருடைய மைத்துனன் இருந்தான். தையலக்காவின் தம்பி, முட்டைக்கடை வைத்திருப்பவன். சிரிக்காமல் கேலி பேசுவதில் கெட்டிக்காரன்.

"மாமா, கோழி பண்ற வேலைய நீங்க எதுக்குப் பண்ணணும்?"

"கோழிக்கு சயின்ஸ் தெரியுமா, மாப்ளே?"

"தெரியாமத்தான் இத்தனை நாளா பண்ணிட்டிருக்குதா?"

சிரித்தவர்களை விஞ்ஞானி பொருட்படுத்தவில்லை. நான்கு நாள் கடையை முக்கால்வாசி சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். சூட்டுக்கு இரண்டு குண்டு பல்பு. சூடு ஏறினால் அணைந்து இறங்கினால் எரிய, ஒரு இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட். காற்று சுற்றி வர, பழைய கம்ப்யூட்டரின் குட்டி ஃபேன். கீழ்த்தட்டில் ஈரப்பதத்துக்கு ஒரு தட்டுத் தண்ணீர். தண்ணீர் ஊற்றக் கதவைத் திறக்க வேண்டாம் என்று மேலே ஓட்டை போட்டு ஒரு டியூப் இறக்கினார். தினமும் காலையில் ஒரு டம்ளர் ஊற்றும் பொறுப்பு தையலக்காவுக்கு. செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டுத் தையலுக்குப் போய்விடுவார். அதைப் பற்றிக் கேள்வியும் கேட்கவில்லை, நம்பவும் இல்லை.

முட்டைகளை மைத்துனனே பண்ணையிலிருந்து கொண்டுவந்தான். கடை முட்டை பொரிக்காது, சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைதான் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு பழுப்பு முட்டைகள். கூடவே பதின்மூன்றாவதாக ஒன்று, மற்றவற்றைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக. அழுக்கு என்று நினைத்து விஞ்ஞானி ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கடைசியில் இது ரெட்டைக்கரு என்று தீர்ப்புச் சொன்னார். மைத்துனன் முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்துக்கொண்டு, இருக்கலாம் மாமா என்றான்.

அன்றிலிருந்து விஞ்ஞானிக்குக் கால் தரையில் இல்லை. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, நாளைக்கு மூன்று தடவை புரட்டிவைத்தார். தாய்க்கோழிகூட அப்படிக் கணக்காகப் புரட்டாது. ஆனால் தாய்க்கோழிக்கு ஆள் கூட்டி வந்து காட்டும் பழக்கம் கிடையாது. இவருக்கு உண்டு. ஃப்ரிட்ஜ் கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், துணி தைக்க வந்தவர், சும்மா வழி கேட்க வந்தவர், எல்லோருக்கும் கதவு திறந்தது. முப்பத்தேழரையில் நிற்க வேண்டிய வெப்பமானி முள் ஒவ்வொரு தடவையும் சறுக்கி விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. "ரெட்டைப் பிள்ளை" என்று அந்தப் பெரிய முட்டையைக் காட்டும்போது அவர் குரலே குழையும்.

இருபத்தோராம் நாள் டீக்கடையே வந்து நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டில் பாதிக் கூட்டம். இருபத்துமூன்றில் மைத்துனன் மட்டும். விஞ்ஞானி ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார், பார்த்ததும் மூக்கை மூடிக்கொண்டார். பன்னிரண்டும் கூமுட்டை. பதின்மூன்றாவது கூமுட்டை என் எதிரே நிற்கிறது என்று மைத்துனன் சொன்னது அவர் காதில் விழுந்தது; விழாத மாதிரி இருந்துவிட்டார். பன்னிரண்டையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். ரெட்டைக்கருவை மட்டும் உடைக்க மனசு வரவில்லை, ஒரே அடியில் இரண்டு பாவம் எதற்கு என்று. அதை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தி, ஒரு பழைய போர்வையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் போட்டார். பல்பை அணைக்கவில்லை. அணைத்தால் தோற்றதாக ஆகிவிடுமே.

அடுத்த ஐந்து நாள், தெருக்களைத் தவிர்க்கிற மாதிரியே தன் கடையின் அந்த மூலையையும் தவிர்த்தார். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்த்தார். தையலக்கா மட்டும் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சயின்ஸ் முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

கதவை யாரும் திறக்காததால் அந்த ஐந்து நாளும் முள் ஒரு நூல்கூட அசையவில்லை. இத்தனை நாள் பாசத்தில் அந்த முட்டையைக் கொல்லப் பார்த்தவர், மறந்துபோனதால் காப்பாற்றினார்.

இருபத்தெட்டாம் நாள் நடுப்பகல். போர்வைக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். கம்ப்ரசர் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் எப்போதோ செத்துப்போனது என்பது ஞாபகம் வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஸ்க்ரூட்ரைவரைக் கையில் பிடித்தபடியே போர்வையை இழுத்தார், கதவைத் திறந்தார்.

மஞ்சளாக, பஞ்சு உருண்டையாக, வாழ்த்து அட்டையில் இருக்குமே, அப்படி இரண்டை எதிர்பார்த்த மனுஷன் அவர். உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. ஈரமாக, பாதி வழுக்கையாக, ஓணான் கழுத்தும் யாரோ அவசரத்தில் மாட்டிவிட்ட மாதிரி பெரிய பாதமுமாக, ஓட்டின் மேலேயே தடுக்கி விழுந்து எழுந்தது. பல்பு வெளிச்சத்தில் தலையைச் சாய்த்தது. ஒரு கண்ணால் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தது. பார்த்துவிட்டு வாயைத் திறந்து, அவரைத்தான், கூப்பிட்டது.

விஞ்ஞானி ஓடினார்.

கதவைத் திறந்துபோட்டுவிட்டு, செருப்பில்லாமல், ஸ்க்ரூட்ரைவரோடு ஓடினார். கையில் ஆயுதத்தோடு ஓடிவருகிறவரைப் பார்த்து டீக்கடை பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். போன வேகத்தில் தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குள்ளேயே போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாக் அடிக்கிற ஃப்ரிட்ஜுக்காரர் மூன்று வருஷமாக அவரைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்த வீட்டில் உட்கார வைக்கப்பட்டு வேலை பார்த்தார்.

வெளிச்சம் மங்குவதற்குள் திரும்பிவந்து, உள்ளே வராமல் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"போயிடுச்சா?"

"எங்க போகும்? காலே இன்னிக்குத்தான் வந்திருக்கு" என்றார் தையலக்கா. குஞ்சு ஒரு அட்டைப்பெட்டிக்குள், வெட்டுத்துணிகளுக்கு நடுவில் இருந்தது. பார்க்க வந்த மைத்துனனுக்கு அதற்கு மேல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அது வான்கோழி முட்டை, பண்ணையில் சும்மா வேடிக்கைக்கு எடுத்துப் போட்டேன், கோழிக்கு இருபத்தொன்று என்றால் அதற்கு இருபத்தெட்டு நாள் என்று ஒப்புக்கொண்டான். விஞ்ஞானிக்கு எவ்வளவு நிம்மதி. அப்படியென்றால் இது மைத்துனன் வேலை. தனக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மறுநாள் முழுக்கக் குஞ்சு எதையும் தின்னவில்லை. அதற்கடுத்த நாள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. தையலக்கா தையலை நிறுத்திவிட்டு வந்தார்.

"நீங்க வந்து தட்டிக் காட்டுங்க. சாப்பாடுன்னா என்னன்னே அதுக்குத் தெரியல."

"ஏன், நீ காட்டேன்."

"காட்டாமலா இருப்பேன்? என் விரலைப் பார்க்கவே மாட்டேங்குது. நீங்க ஓடின கதவையே பார்த்துட்டிருக்கு."

விஞ்ஞானி வந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். பெட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, நொய்க்குள் ஸ்க்ரூட்ரைவர் முனையால் டொக் டொக் என்று தட்டினார். குஞ்சு எழுந்தது. முனையைக் கொத்தியது, அப்புறம் பக்கத்திலிருந்த நொய்யைக் கொத்தியது, அப்புறம் நிறுத்தவேயில்லை. அவர் தட்டுவதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. இப்படிப் பத்து நாள், வேளைக்கு வேளை, சுவரைப் பார்த்துக்கொண்டே ஊட்டினார். யாராவது வந்தால் ஸ்க்ரூட்ரைவரைத் துடைப்பதுபோல் பாவனை.

குஞ்சு வளர்ந்தது. வளர்ந்தால் அழகு வரும் என்று தையலக்கா நம்பிப் பார்த்தார். வரவில்லை. தலையும் கழுத்தும் மொட்டை. அதில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. மூக்குக்கு மேலிருந்து ஒரு சதை தொங்கி, சாப்பிடும்போது வாய்க்குள் போய் அதற்கே இடைஞ்சல் கொடுத்தது. நாலைந்து பறவைகளின் மிச்சம் மீதியை ஒன்றாகத் தைத்த மாதிரி இருந்தது. பிரித்துத் தைக்கவும் முடியாது என்று தையலக்காவே சொல்லிவிட்டார். ஆனால் நடையைப் பார்க்க வேண்டும். விஞ்ஞானி எழுந்தால் எழும், நின்றால் நிற்கும், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு அதே மிடுக்கோடு நடக்கும். அவர் இருமினால் குளுகுளுகுளு என்று பதில் சொல்லும். அவருக்குச் சளி பிடித்த வாரத்தில் தெருவில் யாராலும் மத்தியானம் கண்ணயர முடியவில்லை.

இப்படி நடக்கிற ஒன்றுக்குத் தெரு வேறென்ன பெயர் வைக்கும்? "விஞ்ஞானி வர்றார், வழிவிடுங்க" என்றால் இப்போது பறவைக்கு. அவருக்கு வெறும் "மெக்கானிக்" என்று ஆனது. ஒரு தடவை ஒரு புது ஆள் கடைக்கு வழி கேட்டபோது, விஞ்ஞானி வாசலில் நிற்கும் பாருங்கள், கழுத்தில் சதை தொங்கும், அந்த வீடுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். வாத்தியார் மீசையைப் பலிகொடுத்துச் சம்பாதித்த பெயர், ஒரு மொட்டைக்கழுத்துக்குப் போய்விட்டது. மனுஷனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. நொய் தட்டுவதை என்றோ நிறுத்தியிருந்தார். இப்போது கம்பிக் கதவைச் சாத்தி, அதைக் கொல்லையோடு நிறுத்திவிட்டார்.

அது நாள் முழுக்கக் கம்பிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தது. அவர் இடம் மாறி உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டு ஓடி ஜன்னலுக்கு வந்தது. பளபளப்பாக எதில் முகம் தெரிந்தாலும், அங்கே இன்னொருவன் நிற்கிறான் என்று நினைத்துச் சண்டைக்குப் போனது. சாவியைக் கொத்தியது, பெல்ட்டு பக்கிளைக் கொத்தியது, தண்ணீர் கேன் போட வந்தவரை இரண்டு சந்து தூரம் துரத்தியது. புகார் சொன்னவர்களுக்கு விஞ்ஞானியிடம் ஒரே பதில்தான். "முட்டை குடுத்தவன்கிட்ட கேளுங்க." அவரை மட்டும் அது ஒரு நாளும் கொத்தியதில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. தையலக்கா கவனித்தார், சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹவுஸ் ஓனரம்மா துணி உலர்த்தக் கொல்லைக்கு இறங்கினார். இடுப்பில் சாவிக்கொத்து. அது பாய்ந்ததும் அவர் பின்னால் நகர்ந்ததும் துவைக்கிற கல்லில் இடறியதும் கண்மூடித் திறப்பதற்குள். மூக்குக்கண்ணாடி தூள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. யாரையும் தொடவிடாமல் தன் கைக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டார். அன்று மாலை சொல்லி அனுப்பினார்: வியாழக்கிழமை பத்து மணிக்குக் கீழே வருவேன். இது யாருடையது என்று அந்த ஆள் என் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஆளில்லாத பிராணி என் வீட்டில் இருக்க முடியாது. ஆள் இருந்தால், அந்த ஆள் என் வீட்டில் இருக்கலாமா என்று யோசிப்பேன்.

கேட்டதும் விஞ்ஞானி வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பதினாறு வருஷக் கடை. மைத்துனன்தான் வழி சொன்னான். தொடக்கி வைத்தவன் நான், நானே முடித்து வைக்கிறேன் என்றான்.

"என்னுதுன்னு நான் சொல்லிடறேன் மாமா. சாக்கு கொண்டுவர்றேன். பண்ணைக்காரர் வியாழக்கிழமைதான் கறிக்கு எடுக்கறார். நீங்க வாயத் திறக்காம நின்னா போதும்."

வாய் திறக்காமல் நிற்பது விஞ்ஞானிக்குக் கைவந்த கலை. தலையாட்டினார். புதன்கிழமை ஒரு ஃப்ரிட்ஜைக்கூடக் கழற்றவில்லை. ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்து ஒரு கம்ப்ரசரைக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், என்ன என்று சொல்லாமலே எழுந்துவிட்டார். தையலக்கா பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. மிஷின் மட்டும் நிற்காமல் ஓடியது.

வியாழக்கிழமை பத்துக்கு ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, படியில் காலடி கேட்டது. ஹவுஸ் ஓனரம்மா பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக் கொல்லையில் வந்து நின்றார். மைத்துனன் சாக்கோடு ஒரு பக்கம். கணவனும் மனைவியும் ஒரு பக்கம். பறவை மூலையில், விஞ்ஞானிக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில்.

"இது யாருது?"

"என்னுதும்மா" என்றான் மைத்துனன்.

"உன்னுதா? உன் கடை அங்க. இது இங்க என்ன பண்ணுது?"

மைத்துனன் இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. சாக்கைக் கை மாற்றிப் பிடித்தான். அப்போது தையலக்கா ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவன் சும்மா சொல்றான்மா. என்னுதுதான். தினமும் தண்ணி ஊத்தினது நான். நான் ஊத்தலைன்னா இது வந்திருக்காது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

விஞ்ஞானி அதுவரை சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். ஆனால் சயின்ஸில் ஒரு தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க அவரால் எப்போது முடிந்தது?

"வெறும் தண்ணி ஊத்தினா பொரிக்காதும்மா" என்றார். "முப்பத்தேழரை டிகிரி சூடு வேணும். இருபத்தெட்டு நாள்."

ஹவுஸ் ஓனரம்மா திரும்பினார். "அத வெச்சது யாரு?"

விஞ்ஞானிக்கு இப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது. மைத்துனன் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் மாமா என்று கண்ணால் கெஞ்சினான். தையலக்கா தரையைப் பார்த்தார்.

"நான்."

"பொரிச்சப்போ பக்கத்துல யாரு இருந்தா?" வார்டில் விவரம் எழுதிக்கொள்கிற அதே குரல். கோபமும் இல்லை, சாந்தமும் இல்லை.

"நான்தான் இருந்தேன். ஓடிட்டேன்."

"ஏன்?"

"அசிங்கமா இருந்துச்சும்மா."

"பொறந்த பிள்ளைங்க ஆயிரத்துக்கு மேல பார்த்திருக்கேன், தம்பி. ஒண்ணுகூட அழகா இருந்ததில்ல. அப்புறம்?"

"அப்புறம்... என்னுது இல்லைன்னு சொல்லிட்டே இருந்தேன். எல்லார்கிட்டயும். அது என் பின்னாடியே வந்துச்சு. வெளிய தள்ளிச் சாத்தினேன். அதுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு யாரும் சொல்லித் தரல. நான்தான் சொல்லித் தந்திருக்கணும்."

அவ்வளவு நீளமாக அவர் சயின்ஸ் அல்லாத ஒன்றைப் பேசித் தெரு கேட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெரு இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தது.

"சரி. இப்ப சொல்லுங்க. யாருது?"

"என்னுதும்மா. கடையக் காலி பண்ணச் சொன்னா பண்ணிடறேன். அதச் சாக்குல போட வேணாம்."

ஹவுஸ் ஓனரம்மா அவரைப் பார்த்தார். பிறகு பறவையைப் பார்த்தார்.

"அப்படின்னா புடிங்க அத. நான் கால பார்க்கணும்."

"காலா?"

"நொண்டுது. கீழ விழுந்து கிடந்தப்போ என் கண்ணுக்கு நேரா அதோட கால்தான் இருந்துச்சு. இத்தனை மாசமா கூடவே இருக்கற உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அவர் அதை நேராகப் பார்த்தே எத்தனை மாதம். மைத்துனன் கையிலிருந்த சாக்கை வாங்கினார். அவன் பதறிப்போய், மாமா என்றான். அவர் அதை மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "வா" என்று மட்டும் சொன்னார்.

அது வந்தது. முதலில் நம்பாமல் நின்றது, தலையைச் சாய்த்தது, அப்புறம் பத்துக் கிலோ உடம்போடு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தே விட்டது. விஞ்ஞானி ஆடிப்போனார். மெல்ல வலது காலை எடுத்துப் பார்த்தார். நடுவிரலைச் சுற்றி ஒரு நூல். சதைக்குள் இறங்கி, விரல் முந்திரிப்பழம் மாதிரி வீங்கி, மேலே தோல் மூடத் தொடங்கியிருந்தது. ஒரு மாதமாவது இருக்கும். யாருக்குத்தான் கோபம் வராது?

கடையிலிருந்து நோஸ் பிளேயர் குறடு வந்தது. தையலக்காவின் மெல்லிய கத்தரி வந்தது. ஹவுஸ் ஓனரம்மா ஒரு கையால் மருந்தை ஊற்றிக்கொண்டே, இங்க புடி, அழுத்தாத, இழுக்காத, மூச்சை விடு என்று உத்தரவு போட்டார். மூச்சை விடு என்றது பறவையை அல்ல. விஞ்ஞானியின் விரல்கள் வால்வு மாட்டும்போதுகூட இவ்வளவு மெதுவாக அசைந்ததில்லை. சுற்று சுற்றாக நூல் வெளியே வந்தது. அது ஒரு தடவைகூடக் கொத்தவில்லை. கழுத்தை அவர் முழங்கையில் வைத்துக்கொண்டு, தலையின் நீலமும் சிவப்பும் தணிந்து வெளுத்து, கண்ணை மேல் இமையும் கீழ் இமையுமாக மூடி மூடித் திறந்தது.

தையலக்கா நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இளம்பச்சை. பார்த்துவிட்டு மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று குனிந்துகொண்டார்.

"என்ன?" என்றார் ஹவுஸ் ஓனரம்மா.

"ஒண்ணுமில்லம்மா. போன மாசம் உங்க ஜன்னல் திரை தைச்சேன்ல, அந்த நூல். வெட்டினதக் கூட்டிக் கொல்லையில போட்டது நான்தான்."

ஹவுஸ் ஓனரம்மா தன் ஜன்னலைப் பார்த்தார், தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "என்னைக் கொத்தினது நியாயம்தான் போல" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காலையும் மாலையும் மருந்து போட வேண்டும், தானே இறங்கி வந்து பார்ப்பேன், இனி ஒருத்தரைக் கொத்தினாலும் ஆளும் பறவையும் அன்றைக்கே வெளியே, கண்ணாடியை மெக்கானிக்தான் மாற்றித் தர வேண்டும் என்று அடுக்கிவிட்டுப் படியேறினார். மைத்துனன் வெறுங்கையோடு பண்ணைக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான்.

விஞ்ஞானி எழுந்திருக்கவில்லை. கடை வாசலில் இரண்டு தடவை யாரோ கூப்பிட்டார்கள். தையலக்கா வந்து, ஆள் காத்திருக்காங்க, எழுந்திரிங்க என்றார்.

"கால் மரத்துப்போச்சு" என்றார் அவர்.

"அப்ப இறக்கிவிடுங்க அத."

"சத்தம் போடாத. இப்பத்தான் தூங்குது."